வரப்பின் மேல் ஒரு தேர்வு: பட்டறிவுப் பயிற்சியை அளப்பது எவ்வாறு?

தமிழில் அறிவைக் குறிக்கும் சொற்கள் பலவற்றுள் ‘பட்டறிவு’ என்பது தனித்து நிற்பது. கேட்டறிவதும் கற்றறிவதும் ஒருவர் அமர்ந்த இடத்திலேயே நிகழ்ந்துவிடும். பட்டறிவதற்கோ அவர் எழுந்து சென்று சேற்றில் கால் வைத்தாக வேண்டும். ‘அனுபவம்’ என்னும் வடசொல் வழக்கில் வந்தபின் இச்சொல் மேடைப் பேச்சில் மட்டும் எஞ்சியிருப்பினும், அதனுள் அடங்கிய ‘படுதல்’ என்னும் வினை அனுபவம் என்னும் சொல்லில் இல்லை. மாணவரிடம் இவ்வேறுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்கி வருகின்றோம். அவர்களும் தேர்வுத்தாளில் அதைத் திருத்தமாக எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். பட்டறிவு என்னும் சொல்லுக்குக் கற்றறிவால் விடை எழுதுகின்றனர் என்பது நமக்கு நெடுநாள் உறைக்கவில்லை.

கற்றறிவை அளக்கத் தேர்வுத்தாள் உண்டு. தொழில் நடைபெறும் இடத்திலேயே செய்து பார்த்துக் கற்ற ஒன்றை எதைக் கொண்டு அளப்பது? இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியது. தமிழ்த்துறை மலரில் இஃது ஏன் என வாசகர் வினவலாம். விடை இறுதிப் பகுதியில் உள்ளது, அதுவரை பொறுத்தருள்க.

கயிறு கட்டிய வினாத்தாள்

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட மாணவருடன் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் பட்டுக்கோட்டை வட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மார்கழி மாதம். அதிராம்பட்டினத்துக் கடற்கரையையும் உப்பளங்களையும் விட்டு வடக்கே செல்லச் செல்லத் தென்னந்தோப்புகள் வரும். அவற்றிற்கு அப்பால் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்வயல்கள் தொடங்கும். மேட்டூர் அணை கட்டப்பட்ட 1934ஆம் ஆண்டளவில் அதே திட்டத்தின் பகுதியாக நீர் பெற்ற நிலம் இது. கடைமடை ஆதலின் நீர் பிந்தி வரும், சில ஆண்டு வாராமலும் போகும். நாம் சென்ற ஆண்டு நீர் வந்திருந்தது. சம்பாப் பயிர் பால்பிடிக்கும் பருவத்தில் நின்றது.

அவ்வூரில் அப்பருவம் முழுவதும் ‘உழவர் வயல்வெளிப் பள்ளி’ ஒன்று வேளாண்மைத் துறையினரால் நடத்தப்பட்டு வந்தது. நாம் சென்ற நாள் அதன் இறுதித் தேர்வு நாள். தேர்வென்றதும் மேசை, தாள், மேற்பார்வையாளர் ஆகியவற்றை எதிர்பார்த்த நம் மாணவர் கண்டது வேறு. வரப்பை ஒட்டி வயலுக்குள் குச்சிகள் நடப்பட்டிருந்தன. ஒவ்வொரு குச்சியிலும் ஓர் அட்டை; அட்டையில் ஒரு வினா. அட்டையிலிருந்து மூன்று வண்ண நூல்கள் பயிருக்குள் சென்றன. ஒரு நூலின் முனையில் தூரடியில் ஒரு சிலந்தி, மற்றொன்றின் முனையில் இலைச்சுருட்டுப் புழு, மூன்றாவதன் முனையில் கதிர்நாவாய்ப்பூச்சி. வினா இதுதான்: இம்மூன்றில் உங்களுக்கு உதவி செய்வது எது? அட்டையின் கீழ் மூன்று அறைகள் கொண்ட சிறு பெட்டி. உழவர் ஒவ்வொருவரும் தம் எண் எழுதிய துண்டுத்தாளைத் தாம் கருதிய விடைக்குரிய அறையில் இட்டுவிட்டு அடுத்த குச்சிக்கு நகர்ந்தனர். எழுதத் தெரியாதவருக்கு வினா வாசித்துக் காட்டப்பட்டது. விடையளிக்க எழுத்தே வேண்டியதில்லை.

இதற்கு ‘வாக்குப்பெட்டித் தேர்வு’ என்று பெயர். பருவத் தொடக்கத்தில் ஒரு முறையும் இறுதியில் ஒரு முறையும் நடத்தி, இரு மதிப்பெண்களையும் ஒப்பிடுவர். இருபதாண்டுக்கு மேலாகத் தேர்வு நடத்திவரும் நமக்கு, உண்மையைச் சொன்னால், சற்றே நாணம் உண்டாயிற்று. கற்ற இடத்திலேயே, கற்ற பொருளையே கண்முன் வைத்து வினவும் தேர்வு இது. ‘சிலந்தியின் பயன்களை ஐந்து வரிகளில் எழுதுக’ என்பதினும் எத்துணை நேர்மையானது!

பள்ளி பிறந்த கதை

இப்பள்ளி முறை பிறந்த இடம் இந்தோனேசியா. 1984இல் அரிசியில் தன்னிறைவு எய்திய அந்நாடு இரண்டே ஆண்டுகளில் புகையான் தாக்குதலால் தத்தளித்தது. பூச்சி பெருகியதற்குக் காரணம் மருந்துப் பற்றாக்குறை அன்று, மருந்தின் மிகுதி. தெளித்த நஞ்சு, புகையானைத் தின்னும் சிலந்திகளையும் பிற பூச்சிகளையும் முதலில் கொன்றது. தூரடியில் இட்ட முட்டைகள் தப்பிப் பொரித்து, உண்பார் இன்றிப் பெருகின. ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை உண்ணும் என்பர். அதைக் கொன்றுவிட்டு அதன் வேலையைத் தெளிப்பானிடம் ஒப்படைத்தோம். 1986இல் அந்நாட்டு அரசு 57 பெயர்களில் விற்கப்பட்ட மருந்துகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. தடை மட்டும் போதாதென்று 1989இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன.

பள்ளியின் நடைமுறை எளிது. இருபத்தைந்து பேர் அளவில் ஒரு வகுப்பு. வாரம் ஒரு காலைப்பொழுது, நடவு முதல் அறுவடை வரை. ஐவர் ஐவராகப் பிரிந்து வயலில் இறங்கிச் சில குத்துகளைப் பிரித்துப் பார்த்து, கண்டதைப் பெரிய தாளில் வரைவர்: நடுவில் பயிர், ஒரு புறம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபுறம் நன்மை செய்பவை, மேலே கதிரவனோ மேகமோ. பிறகு இவ்வாரம் என்ன செய்வது என்று கூடி முடிவெடுப்பர். இலைகளைக் கத்தரியால் வேண்டுமென்றே நறுக்கிவிட்டு, இளம்பயிர் அந்த இழப்பை ஈடுசெய்து மீள்வதைத் தாமே காண்பர். கண்ணாடிக் குப்பியில் சிலந்தியையும் புகையானையும் ஒன்றாக இட்டு மறுநாள் திறந்து பார்ப்பர். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்ப் 1984இல் எழுதிய நூலில் விளக்கும் நான்கு படிகளான பட்டறிதல், எண்ணிப் பார்த்தல், கருத்தாக்கல், மீண்டும் செய்து பார்த்தல் ஆகியன இங்கே வாரந்தோறும் சுழல்கின்றன. இந்தியாவிலும் 1990களில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைப் பயிற்சியாக இம்முறை பரவிற்று.

நான்கு படிகள்

பயிற்சியை அளப்பது பற்றிப் பேசுவோர் அனைவரும் தொடும் பெயர் டொனால்டு கர்க்பாட்ரிக். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் 1959இல் தொடங்கி எழுதிய கட்டுரைகளில் நான்கு படிகளை வகுத்தார். பயிற்சி பெற்றவருக்கு அது பிடித்திருந்ததா என்பது முதற்படி. கற்றாரா என்பது இரண்டாவது. பணியிடத்தில் அவர் நடத்தை மாறிற்றா என்பது மூன்றாவது. அம்மாற்றத்தால் விளைவு என்ன என்பது நான்காவது. தொழிற்சாலைக்கென வகுக்கப்பட்டதாயினும் வயலுக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டில் நடைபெறும் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதற்படியிலேயே அமர்ந்துவிடுகின்றன. நிறைவு நாளில் ஒரு படிவம் தரப்படும். பயிற்சியாளர் இனிமையாகப் பேசினார், மதிய உணவு நன்று என நிரப்பித் தருவோம். ஆசிரியர் பயிற்சி முகாம்களில் நாமே பன்முறை அவ்வாறு நிரப்பியுள்ளோம். சிலர் முதற்படிக்கும் கீழே நின்று, வந்தோர் தலையை மட்டும் எண்ணுவர். இந்திய மாநிலங்களில் 1970களின் நடுவிலிருந்து பரவிய ‘பயிற்சியும் பார்வையிடலும்’ என்ற வேளாண் விரிவாக்க முறையில், அலுவலர் குறித்த நாளில் குறித்த ஊருக்குச் சென்றாரா என்பது கண்டிப்பாகப் பார்க்கப்பட்டது. சென்றதால் உழவரிடம் என்ன மாறிற்று என்பதைப் பார்ப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

வாக்குப்பெட்டித் தேர்வு இரண்டாம் படியைச் சேர்ந்தது. அப்படிக்கு அதனினும் சிறந்த கருவியை நாம் கண்டதில்லை. மூன்றாம் படியில்தான் இடர் தொடங்குகிறது.

விதை நடக்கும், திறன் நடக்காது

தஞ்சை மாவட்டம் இவ்வகையில் பழைய ஆய்வுக்களம். 1960இல் போர்டு அறக்கட்டளை உதவியுடன் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கு இந்தியா முழுமையிலும் முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. அத்திட்டக் காலத்தில்தான் ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல் பரவிற்று. மூத்தோர் பலர் அதை இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வர். அதன் பரவலை அளப்பது எளிது. எத்தனை ஏக்கரில் பயிரிடப்பட்டது என்று கணக்கெடுத்தால் முடிந்தது. ஒருவர் வயலில் கதிர் சாய்ந்ததைக் கண்ட அண்டை வயல்காரர் மறு பருவத்தில் விதை கேட்டு வருவார். விதை தானே நடந்து செல்லும்.

திறன் அவ்வாறு நடப்பதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் அண்டையாருக்கும் கற்பிப்பார், அதனால் செலவு பலமடங்கு பயன் தரும் என்பது வயல்வெளிப் பள்ளி குறித்த தொடக்கக்கால நம்பிக்கை. ஜாவாவில் ஒரே குடும்பங்களை 1991இலும் 1999இலும் ஆராய்ந்த பெதர், முர்காய், குவிசான் ஆகியோர் 2004இல் வெளியிட்ட முடிவு அந்நம்பிக்கையை உலுக்கிற்று. பள்ளியில் பயின்றோரின் விளைச்சலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, அண்டையாரிடமும் இல்லை. அடுத்த ஆண்டு இலங்கையின் தென்பகுதி நெல்வயல்களைப் பற்றி டிரிப், விஜேரத்ன, பியதாச ஆகியோர் எழுதியது வேறு படம் காட்டிற்று. அங்கே பயின்றோர் பூச்சிமருந்தைத் தெளிவாகவே குறைத்திருந்தனர். ஆயினும் அவ்வறிவு வேலியைத் தாண்டி அண்டை வயலுக்குச் சென்றதற்குச் சான்று மிகக் குறைவு.

இரண்டு ஆய்வும் முரண்படுவது போல் தோன்றினும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன: பட்டவர்க்கே அறிவு. ஜாவா முடிவின்மேல் எதிர்வாதங்களும் எழுந்தன. திட்டம் விரைந்து விரிந்தபோது பள்ளிகளின் தரம் ஒரே சீராக இல்லை என்றனர் சிலர். பள்ளி வைக்கப்பட்ட ஊர்கள் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுக்கப்பட்டவை அல்ல என்றனர் வேறு சிலர். இரண்டாவது வாதம் நம் கவனத்திற்குரியது. பயிற்சிக்கு விரும்பி வருவோர் பெரும்பாலும் முன்பே ஆர்வமுள்ளவர். அவர் நன்றாகச் செய்தால் அது பயிற்சியின் பயனா, அவர் இயல்பா? பருவமும் ஏமாற்றும். பயிற்சி பெற்ற ஊரில் நான்கு முறை மருந்து தெளித்தவர் இரண்டாகக் குறைத்தார் என்க. அதே பருவத்தில் பயிற்சி பெறாத பக்கத்து ஊரிலும் நான்கு மூன்றாகியிருந்தால், அவ்வாண்டு பூச்சியே குறைவு என்று பொருள். பயிற்சியின் பயன் இரண்டன்று, ஒன்றே. பயிற்சிபெறா ஊரைப் பார்க்காமல் எழுதப்படும் வெற்றி அறிக்கைகளை நாம் ஐயத்துடனேயே வாசிக்க வேண்டும்.

திறன் நடக்காதெனினும், திறனைச் சுருக்கி ஒரு வரி விதியாக்கினால் அது நடக்கும் என்பதற்கும் சான்றுண்டு. பிலிப்பைன்ஸில் உழவர்களே தம் வயலின் ஒரு பகுதியில் செய்து பார்த்து உறுதிசெய்த செய்தி ஒன்றை, வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் 1994 முதல் வானொலி நாடகமாகவும் சுவரொட்டியாகவும் பரப்பினர்: விதைத்த முதல் நாற்பது நாள் பூச்சிமருந்து வேண்டா. அப்பகுதியில் மருந்துத் தெளிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அது பள்ளியன்று, பரப்புரை. நாற்பத்தோராம் நாள் என்ன செய்வது என்பதற்கு அந்த ஒரு வரியில் விடையில்லை. அதற்கு மீண்டும் வயலில் குனிந்து தூரடியைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதல் மதிப்பெண் பெற்றவரும் பெயர் இல்லாதவரும்

மறு ஆண்டு ஐப்பசியில் அதே ஊர் வழியாகச் செல்ல நேர்ந்தது. முந்தைய ஆண்டு வாக்குப்பெட்டித் தேர்வில் முதலாவதாக வந்த உழவர் தம் வயலில் ஆள் வைத்து மருந்து தெளித்துக்கொண்டிருந்தார். இலைச்சுருட்டுப் புழு தென்பட்டிருந்தது. பயிருக்கு வயது முப்பது நாளும் ஆகவில்லை. நம்மைக் கண்டதும் அவரே பேசினார்.

“தெரியும் சார், இப்ப அடிக்கக் கூடாதுன்னு நல்லாவே தெரியும். ரெண்டு பக்கத்து வயலுக்காரங்களும் அடிச்சிட்டாங்க. நம்ம வயலு மட்டும் வெளுத்துக் கெடந்தா வீட்டுல சும்மா விடுவாங்களா? வெளையாமப் போனா அந்த வாத்தியாரா வந்து அளந்து குடுப்பாரு?”

அவர் கற்கவில்லை என்று கூறவியலாது. கேட்டால் இன்றும் எல்லா விடையும் சரியாகச் சொல்வார். இரண்டாம் படியில் முழு மதிப்பெண்; மூன்றாம் படியில் சுழி. இடையில் நிற்பவை அச்சம், அண்டை வயல், குடும்பத்தின் சொல். இவற்றை எந்த வாக்குப்பெட்டியும் அளக்காது. பயிற்சி தந்த அலுவலர் அப்பருவத்தில் வாரம் ஒரு முறை அருகில் இருந்தாலே அவர் துணிந்திருப்பார் என்று நமக்குத் தோன்றிற்று. அவ்வாறாயின் குறை மாணவரிடம் உள்ளதா, பாடத்திட்டத்திடம் உள்ளதா?

இதனினும் நம்மை உறுத்தியது வேறொன்று. தேர்வு நாளன்று வரப்போரம் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தனர். அவர்களுள் மூத்தவர் ஒருவரிடம் நம் மாணவன் ஒருவன் விளையாட்டாகச் சிலந்தியைக் காட்டி, “இது என்னம்மா?” என்றான்.

“அது ஒண்ணும் செய்யாது தம்பி. குஞ்சுகள முதுகுல தூக்கிக்கிட்டு அலையும். நாத்துப் பறிக்கிறப்ப கையில ஏறும், தட்டிவிட மாட்டோம். பூச்சியப் புடிச்சுத் தின்னுக்கிட்டுத் திரியுது பாவம்.”

ஓநாய்ச் சிலந்தி தன் குஞ்சுகளை முதுகில் சுமப்பது உண்மை. அதைத் தேர்வெழுதிய உழவர்களுள் எவரும் சொல்லக் கேட்கவில்லை. அப்பெண்மணியின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இல்லை. நிலம் உடையவரே ‘உழவர்’ எனப் பதிவாகியிருந்தனர். நாற்றுப் பறிப்பவரும் நடுபவரும் களையெடுப்பவரும் கூலியாள். அவர்கட்குத் தொடக்கத் தேர்வும் இல்லை, இறுதித் தேர்வும் இல்லை.

இஃது அந்த ஒரு பள்ளியின் குறையன்று. செம்மை நெல் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். 2003-04இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரி, தாமிரபரணிப் படுகைகளில் நூறு நூறு உழவர் வயல்களில், புதிய முறையையும் வழக்க முறையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டது. சராசரியாக எக்டேருக்கு ஒன்றரை டன் அளவில் விளைச்சல் கூடிற்று. ஒரே உழவர், ஒரே மண், ஒரே பருவம் என்பதால் ஒப்பீடு செம்மையானது. ஆனால் அம்முறையின் உயிர்நாடி பதினான்கு நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, சதுரமாக, வேர் மடங்காமல் நடுவதில் உள்ளது. அந்த நடவைச் செய்வது எவர் கை? வகுப்பில் அமர்ந்தவர் நிலக்கிழார். முதுகு வளைந்து நட்டவர் மகளிர். கொத்தாக எடுத்து விரைந்து நட்டுப் பழகிய கைக்கு ஒற்றை நாற்று புதிது, முதல் நாள் வேலை மெதுவாகும், கூலியோ மாறாது. இந்நிலையில் ‘பயிற்சி பெற்ற உழவருள் இத்தனை பேர் முறையைக் கைவிட்டனர்’ என்று கணக்கெடுத்தால், கைவிட்டது எவர், பயிற்சியே பெறாதவர் எவர் என்பது அக்கணக்கில் தெரியாது. மடகாஸ்கரில் இம்முறையை முயன்றோருள் பத்துக்கு நால்வர் பின்னர் விட்டுவிட்டனர் என 2003இல் ஓர் ஆய்வு காட்டிற்று. ஆள்வேலை மிகுதி அதற்கு முக்கியக் காரணம் என அவ்வாய்வாளர் கருதினர்.

ஆதலின் எதை அளப்பது என்று கேட்குமுன் எவர் கையை அளப்பது என்று கேட்க வேண்டியுள்ளது. பணியிடப் பயிற்சி எதற்கும் இது முதல் வினா. நெசவுக்கூடமாயினும், படகுத்துறையாயினும், வளைகுடா செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகள் கற்கும் மின்பணியாயினும் வேறன்று.

இனி நம் துறைக்கு வருவோம்

நம் மாணவருக்கும் இன்று பணியிடப் பயிற்சி உண்டு. தமிழ்த்துறை மாணவர் அச்சகத்திற்குச் சென்று மெய்ப்புத் திருத்தக் கற்கின்றனர். இதுவரை நாம் அவர்களிடம் பெற்றுவந்தது இரண்டு தாள்கள்: வருகைச் சான்றிதழ் ஒன்று, ‘பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என முடியும் அறிக்கை மற்றொன்று. அறிக்கைகளுள் பல ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை என்பதை, ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் இருந்ததால் அறிந்தோம். மெய்ப்புத் திருத்தும் பயிற்சி பற்றிய அறிக்கையில் மெய்ப்புப் பிழை!

வரப்புத் தேர்வைக் கண்டபின் முறையை மாற்றினோம். பயிற்சிக்குச் செல்லுமுன் நாற்பது பிழைகள் வைத்த ஒரு பக்கத்தைத் திருத்தத் தருகின்றோம். ஒற்று மிகுமிடம், லகர ளகர ழகரம், வரி மாறிய எழுத்து, பக்க எண் என எல்லாம் அதில் உண்டு. திரும்பியபின் வேறொரு நாற்பது. மூன்று திங்கள் கழித்து, முன்னறிவிப்பின்றி, உண்மையான அச்சுப் படி ஒன்று. பயிற்சிக்குச் செல்லாத இணை வகுப்பு மாணவர் சிலருக்கும் அதே பக்கங்களைத் தருகின்றோம். அவர்களும் ஓரளவு முன்னேறுகின்றனர். அதைக் கழித்தே எஞ்சியதைப் பயிற்சியின் பயனாகக் கொள்கின்றோம். சென்றோருள் சிலர் மூன்றாம் திங்களில் பழைய நிலைக்கே திரும்பியிருந்தனர். விசாரித்ததில், அச்சகத்தில் அவர்கள் கையில் சிவப்பு மையே தரப்படவில்லை, தேநீர் வாங்கவும் கட்டுகளை எண்ணவுமே அனுப்பப்பட்டனர் எனத் தெரிந்தது. சான்றிதழில் அவர்கட்கும் ‘மிக நன்று’ என்றே இருந்தது.

நான்காம் படி மட்டும் எஞ்சியுள்ளது. அதற்காகவே இம்மலரின் மெய்ப்பு முழுவதையும் அம்மாணவரிடமே விட்டோம். ஆசிரியர் எவரும் இறுதிப் படியைத் தொடவில்லை, இக்கட்டுரைக்கும் விலக்கில்லை. எஞ்சிய பிழைகளைப் பக்க எண்ணுடன் குறித்து, பெருமக்கள் துறைக்கு அஞ்சலட்டையில் எழுதியனுப்ப வேண்டுகின்றோம். அட்டைகள் மாணவர் அறையின் அறிவிப்புப் பலகையில் வந்த வரிசைப்படியே ஒட்டப்படும்.